மாட்டை வாங்கிக் கொடுக்கவா, பணமாகவே கொடுக்கவா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, செயலாளராக ஓய்வுபெற்றவர்.

கேள்வி: என் சித்தியும் சித்தப்பாவும் பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். ஒரு ஏக்கர் தென்னை, அரை ஏக்கர் கடலைக் கொல்லை. மோட்டார் எரிந்துபோய், வட்டிக்கு வாங்கி, இந்த வருஷம் ரொம்பவே நொடித்துப் போய்விட்டார்கள். என் கையில் 40,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. அதை அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். "பணமாகக் கொடுத்தால் கரைந்துவிடும், ஒரு மாட்டை வாங்கிக் கொடுத்துவிடு" என்கிறார் என் கணவர். எது சரி?
(வாசகி, திருப்பூர்)

பணமாகவே அனுப்புங்கள் அம்மா. உங்கள் கணவர் சொல்வதில் அக்கறை இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது கஜா புயல்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் எங்கள் பக்கத்துத் தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. முதல் வாரத்தில் வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகப் பொருள் வந்தது. அரிசி, போர்வை, மெழுகுவர்த்தி, பிஸ்கட். கரண்டு இல்லை, கூரை இல்லை, கடை இல்லை. அந்த நேரத்தில் அது உயிரைக் காத்த உதவி, அனுப்பியவர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் மூன்றாவது வாரமும் போர்வைதான் வந்தது. ஒரே வீட்டில் ஏழு போர்வை இருக்கும், சாய்ந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்த ரம்பக்காரருக்குக் கொடுக்க நூறு ரூபாய் இருக்காது.

முறைக்கு எனக்கு அத்தாச்சி, அதாவது அண்ணி, ஆக வேண்டிய ஒருவர், எங்கள் சங்கத்தில் உறுப்பினர். ஒன்றரை ஏக்கரில் 105 மரம். ஒன்பது தப்பித்தது, 96 சாய்ந்தது. அரசு மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணமும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்திருந்தது. ஆக மரத்துக்கு 1,100. அவர்கள் கணக்கில் 1,05,600 ரூபாய் ஏறியது. பணம் எடுக்க வந்த அன்று எனக்கு ஒரே கவலை. "அத்தாச்சி, இது பிள்ளை மாதிரி வளர்த்த மரத்தோட விலை. சில்லறையாக் கரைச்சிடாதீங்க" என்று அறிவுரை சொல்லி அனுப்பினேன்.

நாலு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, செலவுக் கணக்கை எடுத்துக் காட்டினார். மொய் நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மரம் அறுத்து அகற்ற 21,000. வட்டிக்காரருக்கு அசலும் வட்டியுமாக 23,400. கன்றோடு ஒரு கறவை மாடு 34,000. பறந்துபோன கீற்றுக்குப் பதிலாகக் கூரைக்குத் தகரம் 11,200. மோட்டாருக்குக் காயில் கட்ட 4,500. விதைக்கடலையும் உழவுக் கூலியும் 6,500. சொந்தக்காரர் ஒருவருக்கு மொய் 5,000. கூட்டிப் பார்த்தேன், பைசா பிசகவில்லை.

அந்த மொய்யைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. மரம் போய், கூரை போய் உட்கார்ந்திருக்கும்போது ஐயாயிரம் மொய்யா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, அவுக எங்களுக்குச் செஞ்ச மொய் இது. இதைத் திருப்பிச் செய்யலேன்னா, நாளைக்கு நான் பத்திரிகை வச்சா யாரு வருவா?" என்றார். எங்கள் பக்கத்து மொய் விருந்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவார்கள். வாங்கியதை அவரவர் முறை வரும்போது கூடுதலாகத் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டிக் கடை இல்லாமல் கையில் மொத்தமாகப் பணம் வருவதற்கு எங்கள் சனங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி அது. அத்தாச்சி 2022 ஆடியில் தன் முறைக்கு மொய் விருந்து வைத்தார். வந்த பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார். நான் வீண் செலவு என்று நினைத்த ஐயாயிரம்தான் அந்தப் பந்தலுக்குக் கால் ஊன்றியது. அவர் குடும்பத்தின் கணக்கு அவருக்குத் தெரிந்த அளவு, 31 வருஷம் பேரேடு எழுதிய எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வீட்டையும் சொல்ல வேண்டும். நல்ல மனம் படைத்த சிலர் அவர்களுக்கு ஒரு ஜெர்சிக் கலப்பின மாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்கள். அருமையான மாடு. ஆனால் அந்த வீட்டில் பசுந்தீவனம் போட ஒரு குழி நிலம் கிடையாது, தண்ணீர் தெருக்குழாயில்தான். புருஷனும் பெண்டாட்டியும் கூலிக்குப் போனால் மாட்டைப் பார்க்க ஆள் இல்லை. ஐந்தாம் மாதம் பாதி விலைக்கு விற்றார்கள். "கொடுத்த மாட்டை வித்துத் தின்னுட்டான்" என்று ஊர் பேசியது. அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது ஒரு பழைய டிவிஎஸ் வண்டி. அவர் தேங்காய் உரிக்கப் போகிறவர், தோப்புத் தோப்பாகப் போக வேண்டும். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

சரி, உங்கள் 40,000 விஷயத்துக்கு வருகிறேன். சித்தியின் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால் போன் செய்து, "எப்போது வந்தால் உதவியாக இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். "எதுக்குச் செலவு பண்ணப் போறீங்க?" என்று கேட்காதீர்கள். நாள் முக்கியம். மார்கழியில் கடலை போடுகிறவருக்குக் கார்த்திகைக் கடைசியில் வரும் பத்தாயிரம் வேறு, மாசியில் வரும் பத்தாயிரம் வேறு. நடுவில் அந்த மனுஷர் விதைக்காக மண்டியில் முன்பணம் வாங்கியிருப்பார். வாங்கினால் விளைச்சலை அந்த மண்டிக்கே, அவர்கள் சொன்ன விலைக்குப் போட வேண்டும். மூட்டைக்கு இருநூறு முந்நூறு அதிலேயே போய்விடும். நாள் தவறி வந்த பணம் அதைத் திருப்பித் தராது.

மொத்தமாகக் கொடுப்பதா, மாதாமாதமா என்றும் யோசிப்பீர்கள். கென்யாவில் சியாயா மாவட்டத்துக் கிராமங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு ‘கிவ்டைரக்ட்லி’ என்ற அமைப்பு செல்போன் வழியாகப் பணம் கொடுத்தது. ஹவுஸ்ஹோஃபர், ஷாபிரோ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாட்டு நிலைமை நன்றாகத் தேறியது. மொத்தமாக வாங்கியவர்கள் நிலைத்து நிற்கும் பொருள்களில் கூடுதலாகப் போட்டார்கள். ஆடு மாடு வாங்கியவர்கள் உண்டு, புல் வேய்ந்த கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டவர்கள் நிறைய. அதைப் படித்தபோது எனக்கு அத்தாச்சி வீட்டுத் தகரம்தான் கண்ணில் நின்றது. கீற்றுக் கூரையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவு ஒழிந்தால் அதுவே ஒரு வருமானம். உங்கள் சித்தப்பாவுக்கு மோட்டாரும் வட்டியும்தான் பிரச்சினை என்பதால் மொத்தமாகவே கொடுங்கள்.

இன்னும் ஒன்று. அது திருப்பித் தர வேண்டிய பணம் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சித்தி அதையும் மொய் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்காவது கடன் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்.

கேள்வி: உழைக்காமல் வரும் காசு ஆளைச் சோம்பேறியாக்கும். கணக்கில் பணம் விழுந்த அன்று டாஸ்மாக்கில்தான் கூட்டம். இதை ஏன் யாரும் எழுத மாட்டேன் என்கிறீர்கள்?
(வாசகர், அறந்தாங்கி)

எழுதுகிறேன். குடியால் சீரழிந்த குடும்பங்களை உங்களைப் போலவே நானும் பார்த்திருக்கிறேன், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் குடிக்கிறவன் பணம் விழாத அன்றைக்கும் குடிக்கிறான். பெண்டாட்டியின் தோட்டை அடகு வைத்துக் குடிக்கிறான். பார்க்க வேண்டியது, பணம் வந்ததால் குடி கூடியதா என்பதுதான்.

2011-இல் மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் பக்கத்து எட்டுக் கிராமங்களில் ‘சேவா’ என்ற பெண்கள் அமைப்பு, யுனிசெஃப் உதவியோடு இதைச் சோதித்துப் பார்த்தது. வசதி உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்காமல், ஊரில் உள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100. பின்னால் 300, 150 என்று உயர்த்தினார்கள். எந்த நிபந்தனையும் இல்லை. குழந்தையின் பங்கு அம்மாவிடம் போகும். பணம் கொடுக்காத வேறு கிராமங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். குடி கூடவில்லை. வேலைக்குப் போவதும் நிற்கவில்லை. கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சிறு விவசாயிகள் பலர் தங்கள் சொந்த நிலத்தில் கூடுதல் நாள் வேலை செய்தார்கள். விதையும் உரமும் வாங்கினார்கள், ஆடு கோழி பெருகியது.

இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. சொந்தக் கொல்லையில் களை மண்டிக்கிடக்க, அன்றாடக் கூலிக்காக அடுத்தவர் கொல்லையில் களை எடுத்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனமா அது? சாயங்காலம் உலை வைக்க அரிசி வேண்டும். சொந்தக் கொல்லை மூன்று மாதம் கழித்துத்தான் கொடுக்கும். கையில் ஆயிரம் ரூபாய் இருந்தால் அந்த மூன்று மாதத்தில் பத்து நாளாவது தன் நிலத்தில் நிற்கலாம்.

நீங்கள் ஊரைப் பற்றியும் கவலைப்படுகிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். முன்னால் சொன்ன கென்யாவின் அதே சியாயா மாவட்டத்தில் பிறகு 653 கிராமங்களை எடுத்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு குடும்பத்துக்குச் சுமார் ஆயிரம் டாலர் கொடுத்துப் பெரிய அளவில் ஆய்வு செய்தார்கள். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரத்தில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரம் நடந்தது என்று கணக்கிட்டார்கள். பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரரும் பயனடைந்தார். ஏன் என்பதற்கு அத்தாச்சியின் கணக்கையே பாருங்கள். ரம்பக்காரர், மோட்டார் மெக்கானிக், தகரக் கடை, மாடு விற்றவர், உழவு ஓட்டியவர் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள்.

கேள்வி: பி.எம். கிசான் பணம் அப்பா இருந்தவரை வந்தது. அவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான். நாங்கள் அண்ணன் தம்பி இருவர். எனக்குக் கிடைக்குமா?
(வாசகர், மன்னார்குடி)

கிடைக்க வழி இருக்கிறது. முதல் வேலை பட்டா. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வைத்து இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். அண்ணனும் நீங்களும் முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்துகொண்டு, தனித்தனிப் பட்டாவாக வாங்கினால் பின்னால் சிக்கல் குறையும். 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலவரப்படி நிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டம் வைத்த விதி. அதற்குப் பிறகு கிரயம் வாங்கியவர்களுக்குத்தான் அது தடை. நில உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. எனவே நீங்கள் புதிதாக உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும். அப்பாவின் கணக்கிலேயே வாங்கிக்கொண்டிருக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாதத்துக்கு ஒருமுறை 2,000. கணவன், மனைவி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். நீங்கள் வருமான வரி கட்டுகிறவராகவோ, மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவராகவோ இருந்தால் கிடைக்காது.

பதிவு முடிந்தும் பணம் வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே கோளாறு. ஆதார் எண்ணைக் கடைசியாக எந்தக் கணக்கில் இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். சிலிண்டர் மானியத்துக்காக என்றைக்கோ தொடங்கி மறந்துபோன கணக்கில் மூன்று தவணை கிடந்ததை நானே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது) முடிந்ததா, நில விவரம் இணைந்ததா, கணக்கில் ஆதார் இணைந்ததா என்று இந்த மூன்றையும் பாருங்கள். குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருப்பது நல்லது. ஒரு பெரியவரின் 2,000 ரூபாயில் இருப்புக் குறைவு என்று ஒரு வங்கி முந்நூற்றுச் சொச்சம் பிடித்துக்கொண்டது. அவர் பாஸ் புத்தகத்தை என்னிடம் நீட்டியபோது என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நான் சொந்த நிலம் இல்லாதவன். மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறேன். நிலக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். விவசாயி உதவித்தொகை அவர் கணக்குக்குப் போகிறது. நான் விவசாயி இல்லையா?
(வாசகர், திருவாரூர்)

நீங்கள்தான் ஐயா விவசாயி. இந்தக் கேள்விக்குத் திட்டம் போட்டவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. பி.எம். கிசான் நில உரிமையை வைத்துக் கொடுக்கிறது, உழுகிறவரை வைத்து அல்ல. தெலங்கானாவில் 2018-இல் தொடங்கிய ரைத்து பந்து திட்டமும் அப்படித்தான் இருந்தது. ஏக்கருக்கு, போகத்துக்கு 4,000, பிறகு 5,000 என்று நல்ல தொகை. ஆனால் பட்டாதாருக்கு மட்டும். ஒடிசா அரசு காலியா என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது குத்தகைதாரரையும் சேர்த்தது, நிலமே இல்லாத குடும்பங்களுக்கு ஆடு, கோழி, காளான் வளர்ப்பு போன்ற தொழிலுக்கு 12,500 ரூபாய் என்று வைத்தது. ஆக, மனம் வைத்தால் முடியும்.

உங்களால் இப்போது முடிந்தது இரண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கு) சாகுபடியாளராக உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு போகமும் பாருங்கள். பயிர்க் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அதுதான் ஆதாரம். அடுத்து, 1969-ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி உங்கள் குத்தகையைப் பதிவு செய்ய முடியுமா பாருங்கள். வாய்மொழிக் குத்தகை என்றால் நிலக்காரர் தயங்குவார், அதுவும் எனக்குத் தெரியும். குத்தகை கொடுத்த ரசீதையாவது வாங்கி வையுங்கள்.

பணம் கிடைத்தாலும் அது எல்லாவற்றையும் சரிசெய்யாது என்பது கடைமடைக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வராவிட்டால் எங்கள் பக்கம் எந்த உதவித்தொகையாலும் நெல் விளையாது. கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைந்தால் அதையும் இந்த இரண்டாயிரம் காப்பாற்றாது. தண்ணீரையும் விலையையும் கேட்பதை இதற்காக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது?
(வாசகர், சென்னை)

2023 செப்டம்பரில் அந்தப் பணம் முதல்முறை வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். அறுபது வயது அம்மா ஒருவர். நாற்று நட்டும் களை பறித்தும் விரல் ரேகையே தேய்ந்துபோனவர். மாதம் பிறந்து நடுவில் தபால்காரர் கையடக்க மெஷினோடு வருவார். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து, விரலில் துளி தேங்காய் எண்ணெய் தடவி, முந்தானையால் துடைத்து, வைப்பார். ஏற்காது. அடுத்த விரல். மூன்றாவது விரலுக்குத்தான் பெரும்பாலும் மெஷின் ஒத்துக்கொள்ளும். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு நேரே மளிகைக் கடைக்குப் போவார். முன்பெல்லாம் அந்தக் கடையில் கடன் நோட்டைப் புரட்டும்போது, மற்ற பெண்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பார். போன மாதம் நானும் கடையில் இருந்தேன். முன்னால் வந்து நின்று, "எம் பேருல என்ன பாக்கி இருக்குன்னு பாருப்பா" என்றார். கடைக்காரர் நோட்டைத் திறக்காமலே, "ஒண்ணும் இல்ல ஆத்தா" என்றார். அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டு வாங்கினார்.